கல்லுக்குள் கேட்ட சொடக்கு

எங்கள் வீட்டுக் கடல்தொட்டியில் நான் கொண்டுவந்து விடாத ஒன்று குடியிருந்தது. மாதக்கணக்கில் அதன் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். கண்ணால் பார்த்தது அது செத்த பிறகுதான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் மரண க்ளெய்ம் பார்க்கிற வேலை எனக்கு. இருபத்தெட்டு வருடமாக அதே மேஜை. செத்தவர்கள் என் மேஜைக்குத் தாளாகத்தான் வருவார்கள், ஃபைல் மூடியதும் போய்விடுவார்கள். மூடாத ஃபைல் ஒன்று எங்கள் வீட்டிலேயே இருந்தது. அது என் தம்பி.

மாட்டுங்காவில் பழைய கட்டடம் ஒன்றின் இரண்டாவது மாடியில் அம்மாவும் நானும் மட்டும் இருக்கிறோம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை. தம்பி சரக்குக் கப்பலில் எஞ்சின் பிரிவில் இருந்தான். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், இந்தோனேசியாப் பக்கம் கப்பல் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு காலை அவன் ட்யூட்டிக்கு வரவில்லை. அறையில் இல்லை. கப்பலிலேயே இல்லை. கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தில் ‘காணவில்லை’ என்றுதான் எழுதியிருந்தார்கள். அம்மா அந்த ஒரு சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

காணாமல் போனவனுக்குப் பன்னிரண்டு வருடம் காத்திருந்துவிட்டு, தர்ப்பையில் உருவம் செய்து அதற்குக் கொள்ளி வைத்துக் காரியங்களை முடிப்பது எங்களில் வழக்கம். பன்னிரண்டு வருடம் ஆனதும் சாஸ்திரிகள் வந்து சொன்னார். அம்மா அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டாள். மறு வருடமும் அதே காபி. வீட்டில் லேண்ட்லைன் போனைத் துண்டிக்க விடமாட்டாள். அவனுக்குத் தெரிந்த நம்பர் அது ஒன்றுதான் என்பாள். மழைக்காலத்தில் லைன் கெட்டுப்போய் அது பாதி மணி அடித்து நிற்கும். அந்தப் பாதி மணிக்கு எழுபத்தொன்பது வயதில் அவள் அடுப்படியிலிருந்து ஓடிவருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். அவளுக்கு ஏதாவது ஆவதற்கு முன்னால், அவன் போய்விட்டான் என்று அவள் வாயால் ஒரு தரம் சொல்லிவிட வேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

தொட்டி ஆசை வந்தது செம்பூரில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில். காத்திருக்கும் அறையில் கடல்நீர்த் தொட்டி வைத்திருந்தார். ஊதா வெளிச்சம், நடுவில் ஒரு கல், அதன்மேல் காற்றில்லாமல் ஆடுகிற சதைப் பூக்கள். என் பெயரைக் கூப்பிட்டது காதில் விழவில்லை. பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீடு வந்தவள் மறு ஞாயிற்றுக்கிழமை தாராவியில் நின்றேன்.

அங்கே கண்ணாடித் தொட்டி செய்கிறவர் ஒருவர் இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம், ஒர்க்‌ஷாப்புக்கு மேலேயே வீடு. கடல்மீன் என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“யக்கா, மொதல்ல தண்ணிய வளருங்க. மீன பொறவு பாத்துக்கிடலாம்,” என்றார். “அவசரப்பட்டா ஒண்ணும் மிஞ்சாது.”

இரண்டரை அடித் தொட்டி போதும் என்றேன். பழைய கட்டடம், அதற்கு மேல் பாரம் வைத்தால் சொசைட்டி செக்ரட்டரி என்னையே கீழே இறக்கிவிடுவார். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். குழாய்த் தண்ணீர் கூடாது, ஆர்.ஓ. தண்ணீர். அதில் பாக்கெட்டில் வரும் கடலுப்பைக் கலக்கி ஒரு நாள் மோட்டார் ஓட விடவேண்டும். வெய்யில் விழாத இடம். கடைசியாக விரலை நீட்டிச் சொன்னார்:

“காப்பர் மட்டும் பக்கத்துல வரக் கூடாதுக்கா. மீனுக்கு ஒண்ணும் ஆவாது. எலும்பில்லாதது பூராம் போயிரும். எறாலு, நத்தை, அந்தப் பூவு, எல்லாம்.”

தொட்டிக்குள் முதலில் வைப்பது கல். அதை லைவ் ராக் என்கிறார்கள். ஓட்டையும் பொந்துமாக இருக்கும், கண்ணுக்குத் தெரிந்ததும் தெரியாததுமாக ஏகப்பட்ட உயிர்கள் உள்ளே இருக்கும், அவைதான் தண்ணீரைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும். தாளெல்லாம் சரியாக வெளிநாட்டிலிருந்து வந்த இரண்டு தெர்மாகோல் பெட்டிகளைத் திறந்து காட்டினார். ஈரச் செய்தித்தாளில் சுற்றிய கற்கள். ஒன்று ஃபிஜி, ஒன்று இந்தோனேசியா.

“ஃபிஜிதான் லேசா இருக்கும், எடுத்துக்கிடுங்க,” என்றார்.

நான் மற்றதைக் காட்டினேன். அதன் நிறம் பிடித்திருந்தது என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன்.

தொட்டியைக் கூடத்து மூலையில் போனுக்குப் பக்கத்தில் வைத்தோம். ஒரு காலத்தில் தம்பியின் கட்டில் கிடந்த மூலை அது. வேறு இடம் கிடையாது, வெய்யில் விழாத இடம் அது ஒன்றுதான். மணல் பரப்பி, கல்லை அடுக்கி, உப்புத் தண்ணீரை ஊற்றியதும் வீடு முழுக்கக் கடற்கரை நாற்றம் வந்தது. சமையலறையிலிருந்த செப்புக் குடத்தை அன்றே பரணில் ஏற்றினேன். அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, செம்பு பட்டால் இதிலிருப்பதெல்லாம் செத்துவிடும் என்று இரண்டு தரம் சொன்னேன்.

“இதுல என்னடி இருக்கு சாகறதுக்கு? கல்லுக்கு லைட்டு போட்டு வச்சிண்டிருக்கே,” என்றாள்.

நியாயமான கேள்விதான். ஒரு மாதத்துக்கு மேல் வெறும் கல்தான். முதலில் கல்மேல் பழுப்பாக ஒரு வழுவழுப்பு படர்ந்தது, பிறகு அது போய்ப் பச்சை வந்தது. அதற்கப்புறம் நான் விடாதவை ஒவ்வொன்றாக வெளியே வரத் தொடங்கின. நகக்கண் அளவு நட்சத்திரம் ஒன்று கண்ணாடியில் ஊர்ந்தது. ஒரு பொந்திலிருந்து விசிறி மாதிரி எதுவோ விரிந்தது, நான் கிட்டே போனதும் உள்ளே இழுத்துக்கொண்டது. குட்டி நண்டின் கால்கள் மட்டும் தெரியும், நண்டு தெரியாது. ஆபீஸிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே தொட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவேன். என்னை எதுவோ உள்ளிருந்து எண்ணிக்கொண்டிருப்பது போல இருக்கும். பயமாகவும் இருக்கும், எழுந்திருக்கவும் மனம் வராது.

பிறகு இரண்டு கோமாளி மீன்கள், ஒரு வெள்ளைக்கோட்டு இறால், நத்தைகள், பொத்தான் மாதிரி பவளப்பூ ஒரு கொத்து என்று கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். அவற்றின் உறைந்த தீனியும் இறால்தான். சைவ வீடு என்பதால் அதை ஃப்ரீசரில் ஒரு டப்பாவுக்குள் டப்பா வைத்து, மீன் மருந்து என்று சொல்லிவைத்தேன். அம்மா அதைத் தொடவும் இல்லை, நம்பவும் இல்லை.

சத்தம் முதலில் கேட்டது ஒரு விடியற்காலை. அம்மா பால் பாக்கெட்டை எடுக்கக் கதவைத் திறந்திருந்தாள். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து ‘டக்’ என்று ஒன்று. கொஞ்சம் விட்டு இன்னும் இரண்டு.

அம்மா பால் பாக்கெட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். நானும் வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன். ஏனென்றால் அந்தச் சத்தம் எங்கள் இருவருக்கும் தெரியும். தம்பி எழுந்ததும் அந்த மூலையில் கட்டிலில் உட்கார்ந்து விரல்களை இழுத்து இழுத்துச் சொடக்கு எடுப்பான். முதலில் கட்டை விரல், ஒரு சொடக்கு. பிறகு சேர்ந்தாற்போல் இரண்டு. காலங்கார்த்தால தரித்திரம், நிறுத்துடா என்று அம்மா தினமும் கத்துவாள்.

“கண்ணாடி சூட்டுக்கு விரியறதும்மா,” என்றேன்.

அன்றைக்கு மத்தியானம் அவள் நாற்காலி பால்கனியிலிருந்து தொட்டிக்கு முன்னால் வந்துவிட்டது.

தாராவிக்காரரிடம் கேட்டேன். சிரித்தார். “கல்லுக்குள்ள சொடக்கு எறாலு ஏறி வந்திருக்கும்க்கா. ஒரு கை மட்டும் பெருசா இருக்கும், அத மடக்கி அடிக்கும். ஆளு வெளிய வராது. கெடந்துட்டுப் போவுது,” என்றார். அம்மாவிடம் வந்து சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். மறுநாளும் நாற்காலி அங்கேயே இருந்தது.

விளக்கம் தெரிந்தால் பயம் போய்விடும் என்பார்கள். எனக்குப் போகவில்லை. இறால் என்று தெரிந்த பிறகும், அந்த முதல் சொடக்குக்கும் அடுத்த இரண்டுக்கும் நடுவில் நான் மூச்சை நிறுத்திக்கொண்டுதான் இருந்தேன். இரண்டோடு நிற்காமல் மூன்றாவதும் கேட்டால் ஏமாற்றமாக இருக்கும்.

அதற்குள் உப்பு வேறு. தெறிக்கிற துளி காய்ந்து வெள்ளையாகப் பூத்து, வயர் வழியாக ஊர்ந்து, சுவரில் ஏறியது. துடைத்தால் மறுநாள் இன்னும் ஒரு விரல் தூரம் போயிருக்கும். ஆனி மாதம் போன் ரிசீவரின் ஓட்டைகளில்கூடப் பூத்திருந்தது. அம்மா அதை ஊசியால் நோண்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.

“இது எந்த சமுத்திரத்து ஜலம்?” என்று திடீரென்று கேட்டாள்.

“எந்த சமுத்திரமும் இல்லை. பாக்கெட் உப்பு.”

“கல்லு?”

“கடைல வாங்கினது,” என்றேன். க்ளெய்ம் விசாரணையில் பாதி பதில் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. அன்றைக்கு நான் சொன்னது அந்த ரகம்தான்.

ஆடி அமாவாசை வந்தது. செத்தவர்களுக்காக ஊரே சமுத்திரத்துக்குப் போகிற நாள். அம்மா சமுத்திரத்தைப் பார்த்துப் பத்தொன்பது வருடம் ஆகிறது, தாதர் போனால்கூட அந்தப் பக்கம் திரும்பமாட்டாள். காலையில் கிளம்பும்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “இன்னிக்காவது அவனுக்கு ஒரு எள்ளும் தண்ணியும் வேண்டாமா? போனை வச்சிண்டே உட்கார்ந்திரு,” என்று சொல்லிவிட்டுப் போனேன். சொல்லிவிட்டு நாள் முழுக்க ஆபீஸில் என்னையே திட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் மழை. லோக்கல் ரயில் நின்று நின்று வந்தது. வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா ஈரத் தலையை நுனியில் முடிந்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். காலையில் குளித்தவள் மறுபடி குளித்திருக்கிறாள்.

“அந்த போனை எடுத்துண்டு போகச் சொல்லி எழுதிக் குடுத்துடு,” என்றாள். “யாரும் பேசறதில்லை.”

குடையை மடக்கக்கூட மறந்து நின்றேன். சந்தோஷமாக இருந்தது, அதை ஒளிக்க மாட்டேன். ஏன் என்று கேட்டால் மனசு மாறிவிடுவாளோ என்று பயந்து, சரி என்று மட்டும் சொன்னேன். காலையில் நான் சுட்ட சூடுதான் வேலை செய்தது என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடியற்காலை சொடக்கு கேட்கவில்லை.

அதற்கடுத்த நாள் நத்தைகள் கண்ணாடியிலிருந்து கழன்று மணலில் மல்லாந்து கிடந்தன. பவளப்பூக்கள் கூம்பிக்கொண்டன, லைட்டைப் போட்டாலும் விரியவில்லை. மூன்றாம் நாள் வெள்ளைக்கோட்டு இறால் பக்கவாட்டில் கிடந்தது. அன்றைக்கு நான் பார்த்ததை இன்னும் மறக்க முடியவில்லை. இத்தனை மாதம் கல்லுக்குள் முகம் காட்டாமல் இருந்ததெல்லாம் வெளியே வந்துகொண்டிருந்தது. கை நீளத்துக்குச் சிவப்புப் புழு ஒன்று பாதி உடம்பு பொந்திலும் பாதி வெளியிலுமாகத் தொங்கியது. கால்கள் மட்டுமே தெரிந்த நண்டு முழுசாக வந்து நின்றது, அப்புறம் நகரவில்லை. பெயர் தெரியாதவை எத்தனையோ. இவ்வளவு பேரோடா ஒரே கூடத்தில் இருந்தோம் என்று உடம்பு சிலிர்த்தது. அவற்றுக்கு நடுவே இரண்டு கோமாளி மீன்களும் எப்போதும் போல வளையவந்து என்னிடம் தீனி கேட்டன.

உப்பை அளந்தேன், சரியாக இருந்தது. சூட்டை அளந்தேன், சரி. பாதித் தண்ணீரை மாற்றினேன். அம்மா நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். லீவு போட்டுவிட்டுத் தாராவிக்காரரை வரவழைத்தேன்.

அவர் ஒரு சின்னக் குப்பியில் தண்ணீர் எடுத்து மருந்து விட்டுக் குலுக்கினார். நிறம் மாறியது. “உள்ள காப்பர் கெடக்குக்கா,” என்றார்.

“என் வீட்ல ஏது காப்பர்?” என்று அவர்மேல் விழுந்தேன். “குடத்தைக்கூடப் பரண்ல போட்டிருக்கேன். உங்க உப்புலதான் ஏதோ கோளாறு.”

அவர் சட்டைக்கையை மடித்துக்கொண்டு கல்லுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். கையில் எதுவோ தட்டியது. அவர் முகம் மாறியது. வெளியே எடுத்ததை இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு, கீழே வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

“இது நீங்க கும்புடுத சாமான் மாதிரி இருக்கு,” என்றார்.

கங்கைச் சொம்பு. உள்ளங்கை அளவுதான் இருக்கும், பச்சை பூத்து, வாயை மூடியிருந்த ஈயம் நெம்பி எடுக்கப்பட்டு.

நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் அப்பாவும் அம்மாவும் காசிக்குப் போய் வாங்கிவந்தவை இரண்டு சொம்புகள். ஒன்று அப்பா கடைசியாகக் கிடந்தபோது உடைத்து, துளசியோடு அவர் வாயில் விட்டது. மற்றது அம்மாவுடையது. அவளுக்கு அந்த நேரம் வரும்போது நான் விடவேண்டியது. சுவாமி அலமாரியில் தினமும் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்ததால் அது செம்பு என்பதே எனக்குத் தோன்றவில்லை. அலமாரியைத் திறந்து பார்த்தேன். அது இருந்த இடத்தில் வட்டமாக ஒரு தடம் மட்டும் இருந்தது.

தாராவிக்காரர் இடுக்கியால் கல்லின் பொந்திலிருந்து இன்னொன்றையும் எடுத்துச் செய்தித்தாளில் வைத்தார். சுண்டுவிரல் நீள இறால், அதன் உடம்பில் பாதி கனத்துக்கு ஒரு கை. “இந்தா, சத்தம் போட்ட ஆளு,” என்றார். கல் காப்பரைக் குடித்துவிட்டது, இனி இதில் இந்த மாதிரி எதுவும் பிழைக்காது, மீனை வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கதவைச் சாத்தியதும் நான் அம்மாவைப் பார்த்துக் கத்தினேன். இவ்வளவு வயதுக்கு அப்படிக் கத்தியதில்லை. ஒரு வருடம் ஒவ்வொரு சொட்டாகச் சேர்த்ததைக் கொன்றுவிட்டாய் என்றேன். “செம்பு பட்டா எல்லாம் செத்துடும்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்னே,” என்றாள் அம்மா. “ஞாபகம் இருந்தது.”

நான் அவள் நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

“உப்பு ஜலத்தைக் குடிச்சிண்டு போனான். ஒரு வாய் நல்ல ஜலம் விட அன்னிக்கு யாரும் இல்லை. விட்டேன். விட்ட சொம்பை மறுபடி சுவாமிகிட்ட வைக்கப்படாது, அதான் அவன்கிட்டயே போட்டேன்.” செய்தித்தாளில் கிடந்த இறாலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “இது எறால்னு எனக்குத் தெரியாதா. நீதான் சொன்னியே. ஆனா கடைசி ஜலம் விட்டப்பறமும் சொடக்கு கேட்டுண்டே இருந்தா, நீ எப்படிடி அவனை விடுவே?”

“நானா?”

“கல்லு வந்த பெட்டியை நான் பாக்கலைன்னு நெனச்சியா? பேரு கொட்டை எழுத்துல எழுதியிருந்தது. ஊர்ல வேற கல்லே இல்லையா?” குரலை உயர்த்தவில்லை. “போன் என்னோடது. இது உன்னோடது. ரெண்டையும் நிறுத்தணும்னு தோணித்து.”

பத்தொன்பது வருடம் அவளைத்தான் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு சொடக்கோடு நிற்கவேண்டும் என்று தினம் காலையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவள் யார்? சொம்பைக் கையில் எடுத்தேன். காலி. அப்போதுதான் உறைத்தது.

“அம்மா, இது உனக்குன்னு வச்சது.”

“எனக்கு என்ன, நீ பக்கத்துல இருக்கே,” என்றாள். “குழாய் ஜலம் போறும்.”

ஆவணியில், தாணேயில் இருக்கும் பெரியப்பா பையன் கையால் தம்பிக்குக் காரியங்கள் நடந்தன. தர்ப்பை உருவம் எரிந்தபோது அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள், நான் தலையைக் குனிந்துகொண்டேன். போனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தொட்டியில் அந்தக் கல்லும் இரண்டு மீன்களும் மட்டும் இருக்கின்றன. வேறொரு சொம்பு வாங்கிவைக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன், அம்மா வேண்டாம் என்றுவிட்டாள்.

காலையில் அவளுக்கு பி.பி. மாத்திரை ஒன்று உண்டு. மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு, குழாயைத் திறந்து டம்ளரில் தண்ணீர் பிடித்துக் கொடுக்கிறேன். அவள் என் முகத்தைப் பார்த்தபடி ஒரே மடக்கில் குடிக்கிறாள். கை நடுங்காமல் கொடுக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.